கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சாட் சர்வர்

அந்தமானின் போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையை ஒட்டிப் பிழைப்பு நடத்துகிறவர்களின் வேலையில் பாதி, சேதி சொல்வதுதான். ஸ்வராஜ் தீவுப் படகில் நாலு இடம் இருக்கிறது, ஷகீத் தீவுப் பக்கம் காற்று பலமாக அடிக்கிறது, மத்தியானப் படகு இன்றைக்கு இல்லை, பெட்டி ஏறிவிட்டது ஆனால் ஆள் ஏறவில்லை. தீவுகளுக்கு இடையே ஓடும் அரசுப் படகுகள் கிளம்பும் துறை இது. சுற்றியுள்ள பயண முகவர் கடைகள், சரக்கு அலுவலகங்கள், பட்டறைகள் எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. பக்கத்து மேசைக்காரருக்கு நீங்கள் அனுப்பும் ஒரு வரி, கடலுக்கடியில் சென்னை வரை போய், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி அந்த மேசைக்கு வருகிறது. கேபிள் நன்றாக இருக்கும் நாளில் இது யாருக்கும் தெரிவதே இல்லை.

அந்தக் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) நடுவே நொடிக்கு 200 கிகாபிட் வீதம் இரண்டு தடம். அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கு நூறு நூறாக இரண்டு. அந்த மற்றத் தீவுகள்: ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத். ஷகீத் தீவு இந்தப் பட்டியலில் இல்லை. பிறகு வேலைக்கு ஆகும், குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு எல்லாமே செயற்கைக்கோள் வழிதான். அதற்கும் முன்னால், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து தொலைபேசிகள் அடங்கியபோது, ஹாம் ரேடியோ பயணமாகப் போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத், தன் நிலையத்தை அப்படியே அவசரத் தொடர்பு நிலையமாக்கித் தீவுகளின் சேதியைக் கரைக்கு அனுப்பினார். அன்றைக்குக் கை கொடுத்தது தீவிலேயே இருந்த கருவி. சாட் சர்வரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் என் பதில் அதுதான்: ஆட்கள் இருக்கும் கரையில். வாடகைக்குக் கிடைக்கும் மும்பை சர்வர் மலிவு, மின்வெட்டுக் கவலை இல்லை, எல்லாம் சரி. ஆனால் கேபிள் போன அன்று அது மும்பையில் இருக்கும், நீங்கள் ஃபீனிக்ஸ் பேயில் இருப்பீர்கள்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். படகுத்துறைக்கு அருகே ஒரு பயண முகவர் அலுவலகம். ஸ்வராஜ் தீவிலும் ஷகீத் தீவிலும் தலா ஒரு கவுன்டர். படகில் போய் வரும் உதவியாளர்கள் சிலர். மொத்தம் முப்பது பேர். இவர்களுக்கு ஒரு சர்வர்.

எதை நிறுவுவது

சாட் சர்வர் மென்பொருள்கள் பல உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது ஈஜாபர்ட். 1999இல் ஜெரமி மில்லர் தொடங்கிய ஜாபர்தான் பிறகு எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறை ஆனது. அதைப் பேசும் சர்வர்களில் ஒன்றாக அலெக்ஸி ஷெப்பின் 2002இல் ஈஜாபர்டை எழுத ஆரம்பித்தார். வாட்ஸ்அப்பே தன் ஆரம்ப நாளில் இதை வைத்துத்தான் தொடங்கியது. எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது ஈஜாபர்ட். இணைப்பு அறுவதும் ஒட்டுவதும் அதற்கு அன்றாடம். புரோசடி இதைவிட இலேசானது, அதுவும் நல்ல சர்வர்தான். மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு நெறிமுறையின் சர்வரான சினாப்ஸ் நினைவகத்தை அதிகம் கேட்கும்; முப்பது பேர் கடைக்கு எதற்கு?

2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி ஒன்று, டெபியன், ஒரு யுபிஎஸ். இது போதும். ராஸ்பெர்ரி பை வைக்கலாம், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே வருகிறேன். உப்புக்காற்றில் லேன் போர்ட்டின் உலோகக் கால்கள் பச்சை பிடிக்கும். கணினியைக் கடல் பார்த்த சன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். உதிரிப் பாகம் சென்னையிலிருந்து கப்பலில் வர மூன்று நாள் என்பதால் ஒரு உபரி ஹார்ட் டிஸ்க், ஒரு உபரி பவர் அடாப்டர் முதலிலேயே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கட்டளைப் பெயர்களை இந்த நூல் நெடுகத் தமிழ் எழுத்தில் மேற்கோளுக்குள் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. நான் சிறுகோடு போட்ட இடத்தில் நீங்கள் அடிக்கோடு போட வேண்டும். நிர்வாகக் கருவியின் பெயர் 'ஈஜாபர்ட்சிடிஎல்'. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அது வரும் என்பதால் திரும்பத் திரும்ப எழுதவில்லை. எழுத்துக்கூட்டில் சந்தேகம் வந்தால் 'ஹெல்ப்' என்று தட்டி, கட்டளையின் முதல் சில எழுத்தைக் கொடுங்கள். எத்தனை சொல் கேட்கும், எந்த வரிசையில் கேட்கும் என்று அதுவே சொல்லும். ரூட் ஆகவோ 'ஈஜாபர்ட்' என்ற யூசராகவோ இருந்தால்தான் கருவி வேலை செய்யும், ஆகவே முன்னால் 'சுடோ'.

ஏன் கட்டளை வரி

ஈஜாபர்டுக்கு வலைப்பக்க நிர்வாகமும் உண்டு. படமும் பட்டனும் பார்க்க வசதி. ஆனால் அதைத் திறக்க ஒரு போர்ட்டை வெளியே காட்ட வேண்டும். இணைப்பு மெலிந்த நாளில் பக்கம் பாதியில் நிற்கும். பட்டனை அழுத்தினோமா இல்லையா என்பதே தெரியாது. கட்டளை வரியில் போவது நாலு சொல், வருவது நாலு வரி.

செயற்கைக்கோள் வழி வேலை செய்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். புவிநிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி, குறைந்தது. ஒரு எழுத்தைத் தட்டி, அது திரையில் வரக் காத்திருந்து, அடுத்த எழுத்தைத் தட்டும் பொறுமை யாருக்கும் இருக்காது. அந்த மாதிரி இணைப்பில் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் 'மோஷ்' பயன்படுத்துங்கள். தட்டிய எழுத்தை உங்கள் பக்கமே உடனே காட்டிவிடும், இணைப்பு விட்டு வந்தாலும் அமர்வு சாகாது. உள்ளே போனதும் 'டிமக்ஸ்' திறந்து அதற்குள் வேலை செய்வதைப் பழக்கமாக்குங்கள். பேக்கப்பை மீட்கும்போது பாதியில் லைன் போனால் அப்போது அதன் அருமை தெரியும்.

முதல் கட்டளை

'ஸ்டேட்டஸ்'. சர்வர் நலமாக இருந்தால் இரண்டு வரி வரும்: ஈஜாபர்ட்@லோக்கல்ஹோஸ்ட் என்ற நோட் தொடங்கிவிட்டது, அதில் இன்ன வெளியீடு ஓடுகிறது. நலமில்லை என்றால் நீளமாக ஒரு வரி வந்து, அதன் கடைசியில் 'நோட்டவுன்' என்ற சொல் நிற்கும். அதைப் பார்த்ததும் சர்வரை மறுபடி நிறுவக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான்: சர்வர் உண்மையிலேயே ஓடவில்லை, கருவியும் சர்வரும் வெவ்வேறு எர்லாங் குக்கீயை (நோட்கள் ஒன்றையொன்று நம்பப் பயன்படுத்தும் இரகசியச் சொல்லை) வைத்திருக்கின்றன, அல்லது யாரோ நோட் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் ஆளைத் தவிக்க வைக்கும். ஈஜாபர்ட் தன் தரவை ம்னீஷியா என்ற எர்லாங் தரவுத்தளத்தில் வைக்கும். ஆங்கிலத்தில் எம் எழுத்தில் தொடங்கும். அந்தத் தரவுத்தளம் எந்த நோட் பெயரில் உருவானதோ அந்தப் பெயரில்தான் திறக்கும். டெபியன் பொதியில் நோட் பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருக்கும். அதை அழகுபடுத்துகிறேன் என்று தொட வேண்டாம். வெளியே தெரியும் முகவரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பேக்கப், பிறகு பேக்கப் கோப்பில் நோட் பெயரை மாற்றும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதன்பின் மீட்பு. 'ஹெல்ப்' பட்டியலில் அந்தத் தரவுத்தளத்தின் பெயரில் தொடங்குவதைப் பாருங்கள்.

ஆட்களும் அறைகளும்

'ரெஜிஸ்டர்' கட்டளை மூன்று சொல் கேட்கும்: பெயர், ஹோஸ்ட், கடவுச்சொல். கணக்கை ஆள் பெயரில் திறவுங்கள், கவுன்டர் பெயரில் வேண்டாம். 'கவுன்டர்2' என்று ஒரு கணக்கை நாலு பேர் பகிர்ந்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நாலு பேருக்கும் கடவுச்சொல் மாற்ற வேண்டிவரும். சீசன் முடிந்ததும் ஆள் மாறும் தொழிலில் இது வருஷா வருஷம் நடக்கும்.

கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே தட்டுவதால் அது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். கட்டளைக்கு முன்னால் ஒரு இடைவெளி விட்டுத் தொடங்கினால் டெபியனின் வழக்கமான அமைப்பில் வரலாற்றில் ஏறாது. ஆனால் அந்த ஒரு நொடி அதே கணினியில் இருக்கும் இன்னொருவர் 'பிஎஸ்' தட்டினால் தெரியும். ஆகவே அது தற்காலிகக் கடவுச்சொல்லாக இருக்கட்டும். ஆளை உட்கார வைத்துத் தன் செயலியிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

கணக்கு திறந்தால் மட்டும் ஒருவர் பெயர் மற்றவர் பட்டியலில் வராது. முப்பது பேரும் ஒருவரையொருவர் தேடிச் சேர்ப்பது நடக்கிற காரியமா? 'எஸ்ஆர்ஜி-கிரியேட்' கொடுத்து ஒரு பொதுக் குழுவை உண்டாக்குங்கள். 'எஸ்ஆர்ஜி-யூசர்-ஆட்' கட்டளையில் ஆள் பெயருக்குப் பதில் '@ஆல்@' என்று கொடுத்தால் எல்லாரும் எல்லார் பட்டியலிலும் வந்துவிடுவார்கள். நாளை புதிதாகச் சேர்பவரும் தானாகவே.

அறைகளைப் படகுத் தடத்துக்கு ஒன்றாக வைப்பது நல்லது என்பேன். ஸ்வராஜ் தீவுத் தடம், ஷகீத் தீவுத் தடம், சரக்கு, பொது. 'கிரியேட்-ரூம்' கட்டளைக்கு அறைப் பெயர், கான்ஃபரன்ஸ் என்று தொடங்கும் சேவை முகவரி, ஹோஸ்ட். இதோடு நிறுத்தினால் அமைப்பைப் பொறுத்து அது தற்காலிக அறையாகவே இருக்கும். சர்வரை அணைத்துப் போட்டால் காணாமல் போகும். 'சேஞ்ச்-ரூம்-ஆப்ஷன்' கொண்டு 'பெர்சிஸ்டென்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். 'மெம்பர்ஸ்-ஒன்லி', 'எம்ஏஎம்' இரண்டையும் அதேபோல. கடைசியது, பேச்சைச் சேமித்து வைக்கும் வசதி. படகிலிருந்து இறங்குகிறவர் அறைக்குள் வந்து விட்டதைப் படிக்க அதுதான் வழி.

ஒருவர் வேலையை விட்டால் 'அன்ரெஜிஸ்டர்' போடக் கை துறுதுறுக்கும். அது கணக்கோடு அவருடைய சேமித்த பேச்சையும் அழித்துவிடும். ஒரு பயணி பணம் திரும்பக் கேட்டு வந்து நிற்கும்போது, "அந்த டிக்கெட்டை யார் மாத்தினது?" என்று தேடப் போகும் இடம் அதுதானே. முதலில் 'பேன்-அக்கவுண்ட்', காரணத்தோடு. சில மாதம் கழித்து 'அன்ரெஜிஸ்டர்'.

கடலில் இருப்பவர்கள்

"அண்ணே, அனுப்பினது போயிருக்குன்னு காட்டுது, அவன் பாக்கவே இல்லங்கிறான்." சர்வர் பார்த்துக்கொள்பவர் அதிகம் கேட்கப்போகும் புகார் இதுதான்.

நடந்தது இப்படி இருக்கும். உதவியாளர் படகேறினார். கரை விலகியதும் சிக்னல் போயிற்று. அவருடைய ஃபோன் சர்வரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை, அறுந்துவிட்டது. சர்வருக்கு அது உடனே தெரியாது. தெரிந்த பிறகும், ஒட்டிக்கொள்ள வருவார் என்று சிறிது நேரம் அமர்வைப் பிடித்து வைத்திருக்கும். ஈஜாபர்டில் அந்தக் காத்திருப்பு இயல்பாக ஐந்து நிமிடம். அதுவரை அவர் இருப்பதாகவே பட்டியல் காட்டும்.

'கனெக்டட்-யூசர்ஸ்-இன்ஃபோ' தட்டிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு வரி: முகவரி, இணைப்பு வகை, ஐபி, போர்ட், முன்னுரிமை, நோட், எத்தனை விநாடியாக இணைப்பில் இருக்கிறார், நிலை, சாதனம். ஒரே ஆளுக்கு இரண்டு வரி வந்தால் பதற வேண்டாம், ஃபோனும் மேசைக் கணினியும் இருக்கலாம். ஒரே சாதன வகை இரண்டு வேறு ஐபியில் நின்றால் ஒன்று பேய். 'கிக்-செஷன்' போட்டு அந்த ஒன்றை மட்டும் கழற்றலாம். ஆளையே மொத்தமாகக் கழற்ற 'கிக்-யூசர்'. ஆனால் இதை ஒரு வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். பேய்கள் தாமாகவே போகும். மறுஒட்டு நேரத்தைக் கூட்டுவதால் படகு விஷயத்தில் லாபமில்லை, ஏனென்றால் ஸ்வராஜ் தீவுக்கு அரசுப் படகில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நேரம் எந்த அமர்வையும் பிடித்து வைக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது வேறு. அமர்வு முடிந்த பிறகு வரும் சேதிகள் ஆஃப்லைன் கிடங்குக்குப் போகும். மாதிரி அமைப்புக் கோப்பில் சாதாரண யூசருக்கு அந்தக் கிடங்கின் கொள்ளளவு 100 சேதி. இரண்டு மணி நேரப் படகுக்கு ஏராளம். கப்பலில் சென்னை போய் வரும் ஆளுக்கு, வாய் ஓயாத அலுவலகத்தில், போதாது. அமைப்புக் கோப்பில் அதை உயர்த்துங்கள், பிறகு 'ரீலோட்-கான்ஃபிக்'. அந்தக் கோப்பு யாம்ல் வடிவம். வரியின் முன்னால் டேப் அடித்தால் ஏற்காது, ஸ்பேஸ் மட்டும்.

இன்னொன்று, 'டெலிட்-ஓல்ட்-யூசர்ஸ்' என்ற கட்டளை. இத்தனை நாளாக உள்ளே வராத கணக்குகளை எல்லாம் அழித்துவிடும். ஒருமுறைகூட வராதவர்களையும் சேர்த்து. ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வருகிறவர்கள் நிறைந்த தீவில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

கேபிளை நீங்களே பிடுங்கிப் பாருங்கள்

சர்வரைத் தீவில் வைத்தாயிற்று, ஆகவே கேபிள் போனாலும் கவலையில்லை என்று நினைத்தால், அந்த நாளில் ஏமாறுவீர்கள். வேலை குறைந்த ஒரு பிற்பகலில் ரவுட்டரின் பின்னால் வெளி இணைப்பைக் கழற்றிவிட்டு, அலுவலக வைஃபையில் மட்டும் பேச முடிகிறதா பாருங்கள். முதல் முறை முடியாது. ஏன் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான பகுதி.

முதல் காரணம் பெயர். செயலியில் நீங்கள் கொடுத்திருப்பது ஐபி எண் அல்ல, ஒரு டொமைன் பெயர். சர்வர் பத்தடி தூரத்தில் இருந்தாலும், அந்தப் பெயருக்கு எண் என்ன என்று ஃபோன் கேட்கப் போவது வெளியே இருக்கும் டிஎன்எஸ் சர்வரிடம். வெளியே வழியில்லை, ஆகவே பதிலில்லை, ஆகவே 'சர்வர் கிடைக்கவில்லை'. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட டெல்லிக்கு ஃபோன் போட்டு முகவரி கேட்பது மாதிரிதான் இது. மருந்து எளிது. அதே கணினியில் 'டிஎன்எஸ்மாஸ்க்' நிறுவி, உங்கள் டொமைனுக்கும் கான்ஃபரன்ஸ் பெயருக்கும் உள்ளூர் எண்ணை எழுதி, ரவுட்டர் எல்லாச் சாதனங்களுக்கும் இதையே டிஎன்எஸ் என்று சொல்லும்படி செய்துவிடுங்கள். எஸ்ஆர்வி பதிவுகள் வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்து. தனி டிஎன்எஸ் அமைத்திருக்கும் ஃபோன்கள் இதைக் கேட்காது. அந்த அமைப்பை அணைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஃபோன். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு ஃபோன் புத்திசாலித்தனமாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். அங்கே உள்ளூர் எண் தெரியாது. 'இணையம் இல்லாவிட்டாலும் இணைப்பில் இரு' என்று கேட்கும் அறிவிப்பில் ஆம் சொல்ல ஆட்களைப் பழக்குங்கள், அல்லது அன்றைக்கு டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள். எந்தச் செயலி என்பதும் முக்கியம். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் என்ற செயலி சர்வரோடு தன் சொந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், கூகுளின் அறிவிப்புச் சேவை இல்லாமலே சேதி வந்து மணி அடிக்கும். ஐஃபோனில் அப்படி விடமாட்டார்கள். பின்னணியில் இருக்கும் செயலியை எழுப்ப ஆப்பிளின் சர்வர் வழிதான் வர வேண்டும். கேபிள் போன நாளில் ஐஃபோன்காரர்கள் செயலியைத் திறந்து வைத்தபடி இருக்க வேண்டும், அல்லது மேசைக் கணினியில் கஜிம் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது நேரம். ராஸ்பெர்ரி பையில் சிக்கல் என்றேனே, அது இது. நான்காம் தலைமுறை வரை அந்தப் பலகையில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது; அணைந்து எழுந்ததும் நேரத்தை இணையத்தில்தான் கேட்டுக்கொள்ளும். மின்சாரமும் இணையமும் சேர்ந்து போன நாளில், இரண்டும் புயலன்று சேர்ந்தே போகும், மின்சாரம் மட்டும் திரும்பினால் பை பழைய நேரத்தில் எழும். புதிய சேதி பழைய நேரத்தோடு பதிவாகும், வரிசை குழம்பும், பதிவேடு பொய் சொல்லும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரச் சில்லு வாங்கிப் பொருத்துங்கள். பழைய மேசைக் கணினியில் மதர்போர்டு பேட்டரியை மாற்றினால் போதும்.

நான்காவது சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள் செல்லும். முப்பது நாள் மீதி இருக்கும்போதே புதுப்பிப்பது வழக்கம். ஆகவே சில நாள் இணைப்பு இல்லாததால் ஒன்றும் ஆகாது. ஆபத்து வேறு மாதிரி வரும்: புதுப்பிப்பு ஒரு மாதமாகச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருக்கும், கேபிள் போகும் வாரத்தில் சரியாகக் காலாவதியாகும். சான்றிதழின் காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள். ஈஜாபர்ட் தானே சான்றிதழ் வாங்க 80ஆம் போர்ட் வழியே வெளியிலிருந்து உள்ளே வர முடிய வேண்டும். உங்களுக்குத் தனி ஐபி இல்லாமல் பலரோடு பகிரும் இணைப்பு என்றால் அது முடியாது. டிஎன்எஸ் பதிவு மூலம் நிரூபிக்கும் முறையில் 'செர்ட்பாட்' கொண்டு வாங்குங்கள். அப்படி வாங்கும்போது சாவிக் கோப்பை 'ஈஜாபர்ட்' யூசர் படிக்க அனுமதி வேண்டும். புதுப்பித்த பிறகு 'ரீலோட்-கான்ஃபிக்' வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மறந்தால் டிஸ்கில் புதுச் சான்றிதழும் சர்வரின் கையில் பழையதும் இருக்கும்.

நான்கையும் சரி செய்து மறுபடி கேபிளைப் பிடுங்கினால், ஃபீனிக்ஸ் பே அலுவலகம் பேசும். மற்ற இரண்டு தீவுகள்? அதற்கு உறுதி சொல்ல முடியாது. ஸ்வராஜ் தீவு கேபிளில் இருக்கிறது, ஷகீத் தீவு அந்தப் பட்டியலில் இல்லை. தவிர, பக்கத்துத் தீவிலிருந்து வரும் பாக்கெட் நேரே வருகிறதா, சென்னை போய்த் திரும்புகிறதா என்பது இணைப்புத் தருபவரின் ஏற்பாடு. இரண்டு கவுன்டர்களிலிருந்தும் பாக்கெட் போகும் வழியைக் காட்டும் 'எம்டிஆர்' ஓட்டி, வழியில் நேரம் எங்கே தாவுகிறது என்று பாருங்கள். சில மில்லிவிநாடியில் வந்தால் உள்ளூர் வழி. திடீரென்று பத்து மடங்கு கூடினால் அது வங்கக் கடலைத் தாண்டிவிட்டு வருகிறது. அந்தக் கவுன்டருக்கு, கேபிள் போன நாளுக்கென்று வேறு ஏற்பாடு, சாதாரணத் தொலைபேசியோ படகில் சீட்டோ, எழுதி ஒட்டி வையுங்கள்.

சேமிப்பும் பேக்கப்பும்

பேச்சைச் சேமிக்கும் அட்டவணை, இயல்பான தரவுத்தளத்தில், 2 ஜிபியைத் தாண்ட முடியாது. மாதிரி அமைப்புக் கோப்பிலேயே இந்த எச்சரிக்கை கருத்துரையாக இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. எழுத்து மட்டும் என்றால் முப்பது பேர் கடைக்கு அது பல வருஷம் வரும். படங்கள் தனி அடைவில் போகின்றன. வரம்பு வைத்துக்கொள்வது எப்படியும் நல்லது: 'டெலிட்-ஓல்ட்-எம்ஏஎம்-மெசேஜஸ்', வகைக்கு 'ஆல்', நாளுக்கு 365. பெரிய அலுவலகம் என்றால் முதல் நாளே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள், பிறகு மாறுவது தலைவலி.

'பேக்கப்' கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதை கொடுங்கள். அந்தக் கோப்பை எழுதுவது நீங்கள் அல்ல, 'ஈஜாபர்ட்' யூசர். உங்கள் வீட்டு அடைவைக் கொடுத்தால் அனுமதி இல்லை என்று வரும். இந்தப் பேக்கப்பில் வருவது உள் தரவுத்தளம் மட்டும். அமைப்புக் கோப்பு, சான்றிதழ், பதிவேற்றிய படங்கள், போஸ்ட்கிரெஸ் இருந்தால் அது, எல்லாம் தனித்தனியாக எடுக்க வேண்டும். 'டம்ப்' கொடுத்தால் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக வரும். வேறு கணினிக்குப் போகும்போது அதுவும் ஒன்று கையில் இருக்கட்டும். நள்ளிரவில் 'ஆர்சிங்க்' மூலம் சென்னையில் ஒரு கணினிக்கு அனுப்பி வையுங்கள். சர்வர் தீவில், பேக்கப் கரையில்.

கதவுகள்

வெளியே திறந்திருக்க வேண்டியது செயலிகள் வரும் 5222, கோப்பு அனுப்ப 5443. மற்ற எக்ஸ்எம்பிபி சர்வர்களோடு பேசும் 5269 கடைக்குள் பேசுவோருக்குத் தேவையில்லை, மூடுங்கள். எர்லாங் நோட்களின் பெயர்ப்பதிவு நடக்கும் 4369 எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது. குக்கீ கிடைத்தவருக்கு அந்த வழியில் சர்வர் முழுவதும் சொந்தம். யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கும் வசதியை அணையுங்கள். திறந்து வைத்தால் முதலில் வருவது வாடிக்கையாளர் அல்ல, ஸ்பேம் அனுப்புகிறவர்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். லாக் சுழற்சியை அப்படியே விட்டால் அவ்வளவு நாள் நிற்காது. 'லாக்ரொட்டேட்' அமைப்பில் வாரம் ஒன்றாக இருபத்தாறு பிரதிகள் என்று மாற்றுங்கள். 'குரோனி' கோப்பில் நேர சர்வர் பெயர்களையும் அன்றைக்கே எழுதிவிடலாம்.

அணைக்க வேண்டியபோது

மின்துறை முன்கூட்டிச் சொன்ன மின்தடைக்கோ புது வெளியீட்டுக்கோ சர்வரை நிறுத்தும்போது வெறும் 'ஸ்டாப்' வேண்டாம். 'ஸ்டாப்-கைண்ட்லி', எத்தனை விநாடி, மேற்கோளுக்குள் ஒரு வரி அறிவிப்பு. அறைகளிலும் ஆட்களிடமும் அந்த வரி போகும், கொடுத்த நேரம் கழிந்ததும் நிற்கும். "இன்னும் 2 நிமிஷத்துல சர்வர் நிக்கும், 6 மணிக்கு வரும்" என்று எழுதினால் போதும். கடைசிப் படகு வந்து, கணக்கு முடித்த பிறகு செய்யுங்கள். இங்கே சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுவதால் அதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். எழுந்ததும் 'ஸ்டேட்டஸ்', பிறகு 'கனெக்டட்-யூசர்ஸ்-நம்பர்'; எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.